காட்டுக்குதிரைகளையும் மேய்ச்சல் நிலத்தையும் களப்பயணத்தில் படிப்பது எப்படி? (வயோமிங், மொன்டானா)

கேள்வி: கொத்துப்புல்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மேய்ச்சல் நிலச் சூழலியலில் முதுகலை படித்து வருகிறேன். வரும் கோடையில் வயோமிங்கின் தென்மேற்குப் பகுதிக்கும், மொன்டானா எல்லையில் இருக்கும் பிரையர் மலைக்கும் சென்று, காட்டுக்குதிரைகள் வாழும் அரசு நிலங்களைப் பார்த்து ஓர் ஆய்வறிக்கை எழுதத் திட்டமிட்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்தில் ஆடுமாடு மேய்ச்சலைப் பார்த்து வளர்ந்தவள்தான் என்றாலும், ஆண்டு மழை 250 மி.மீ.யைக்கூட எட்டாத, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேஜ் புதரே தெரிகிற நிலம் எனக்கு முற்றிலும் புதியது.

சட்டத்தையும் எண்ணிக்கைகளையும் ஓரளவு படித்துவிட்டேன். 1971-ஆம் ஆண்டின் சட்டம் இக்குதிரைகளைப் பாதுகாக்கிறது என்பதும், நில மேலாண்மைப் பணியகம் ஒவ்வொரு பகுதிக்கும் உகந்த எண்ணிக்கை ஒன்றை வகுத்திருக்கிறது என்பதும், நாடு முழுவதற்குமான அந்த உச்ச அளவு சுமார் 25,500 என்றிருக்க, 2024-இன் கணக்கெடுப்பில் 73,000-க்கும் மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் திறந்த நிலத்தில் இருந்தன என்பதும் தெரியும். தெரியாதது என்னவென்றால், இந்த எண்களுக்கும் கண்ணெதிரே விரியும் நிலத்துக்கும் உள்ள தொடர்பைக் களத்தில் நின்று எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான். நிலம் கெட்டதற்குக் குதிரைகளே காரணம் என்று ஒரு தரப்பும், மாடுகளே காரணம் என்று இன்னொரு தரப்பும் எழுதுகின்றன. இருதரப்பும் ஒரே விதமான வறண்ட ஊற்றின் படத்தைத்தான் காட்டுகின்றன. மேய்ந்து தீர்ந்த ஒரு புல்கொத்தைப் பார்த்து, இதை மேய்ந்தது எது என்று சொல்ல முடியுமா? குறைந்த நாள்களே கையில் இருக்கும் ஒருவர் எதைப் பதிவு செய்தால் அது பிறருக்கும் பயன்படும்? களத்தில் வேலை செய்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சேஜ் நிலவாசி

வணக்கம் சகோதரி. இந்த நிலங்களில் தாவரக் கண்காணிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் சில நாள்களைப் புல்லுக்கே ஒதுக்குங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. குதிரைக்கூட்டம் கண்ணில் பட்டுவிட்டால் அதிலிருந்து பார்வையை எடுப்பது யாருக்கும் கடினம். அதன்பின் தரையைப் பார்க்கத் தோன்றாது.

ஐந்து புற்களை அடையாளம் காணப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புளூபன்ச் வீட்கிராஸ், இந்தியன் ரைஸ்கிராஸ், நீடில் அண்ட் திரெட், சாண்ட்பெர்க் புளூகிராஸ் ஆகிய நான்கும் இம்மண்ணுக்குரிய பல்லாண்டுக் கொத்துப்புற்கள். ஐந்தாவது, ஐரோப்பிய ஆசியப் பகுதிகளிலிருந்து வந்து பரவிய ஓராண்டுப் புல்லான சீட் கிராஸ். இலையுதிர் காலத்தில் முளைத்து, வசந்தத்தில் மற்றவற்றுக்கு முன்பே ஈரத்தை உறிஞ்சி, ஜூன் வாக்கில் காய்ந்து செம்பழுப்பாக நிற்கும் இந்தப் புல்தான் காட்டுத்தீக்கு எரிபொருள். தீ வந்தால் சேஜ் புதர் மீண்டும் துளிர்ப்பதில்லை. சீட் கிராஸோ அடுத்த ஆண்டே விதையிலிருந்து எழுந்துவிடும். நெவாடாவில் பெரும்பரப்பு இப்படித்தான் மாறிப்போயிருக்கிறது. மேய்ச்சலைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். இந்த நிலை ஒருமுறை வந்துவிட்டால், குதிரையையும் மாட்டையும் ஒருசேர அப்புறப்படுத்தினாலும் பழைய புல் தானாகத் திரும்புவதில்லை.

அடுத்து, புதர்களுக்கு இடையே குனிந்து பாருங்கள். கொத்துப்புற்கள் திறந்த வெளியில் பரவலாக நிற்கின்றனவா, அல்லது சேஜ் புதரின் கிளைகளுக்குள் மட்டுமே தலைகாட்டுகின்றனவா என்பது மிக முக்கியமான வேறுபாடு. புதருக்குள் வாயை நுழைத்து மேய்வது எந்த விலங்குக்கும் சிரமம். எனவே வெளியில் நின்ற புல் தீர்ந்துபோய், முள்வேலி போட்டதுபோலப் புதர் காத்த புல் மட்டும் மிஞ்சியிருந்தால், அங்கே நீண்ட காலமாகக் கடும் மேய்ச்சல் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். புல்லின் அடி, சுற்றியுள்ள மண்ணைவிட இரண்டு மூன்று விரற்கடை உயர்ந்து, மேடைமேல் வைத்தது போலத் தெரிந்தால், இடையில் இருந்த மேல்மண்ணைக் காற்றும் நீரும் கொண்டுபோய்விட்டன என்று பொருள். இந்த இரண்டையும் ஒரே பருவத்து மேய்ச்சலால் உண்டாக்க முடியாது. ஆண்டுக்கணக்கான கதையை அவை சொல்கின்றன என்பதால்தான் நான் அவற்றை முதலில் தேடுகிறேன்.

மேய்ந்தது எது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு, ஆகவே புல்லை அடியோடு ஒட்ட நறுக்க முடியும். மாட்டுக்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் இல்லை, அது நாக்கால் சுற்றிப் பற்றி இழுத்து அறுக்கிறது. ஆனால் வெட்டுவாயை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குளம்புத் தடமும் இலத்தியும் அதைவிட நம்பத்தகுந்தவை: பிளவில்லாத வட்டமான தடம் குதிரையுடையது, பிளவுபட்டது மாடு, எல்க் என்ற பெரிய மான், மான் போன்ற பிராங்ஹார்ன் ஆகியவற்றுடையது. பொலிக்குதிரைகள் வழித்தடங்களின் ஓரத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இலத்தியிட்டுப் பெரும் குவியலாக்கும். அக்குவியலின் மேல்பரப்பு ஈரமாகவும் அடிப்பகுதி வெளிறி நாராகவும் இருந்தால், அவ்வழியைக் குதிரைகள் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகின்றன என்பது உறுதி.

எல்லாவற்றிலும் வலுவான சான்று நாள்காட்டிதான். பொதுநிலத்தில் மாடு மேய்ப்பவருக்கு அனுமதிச்சீட்டு உண்டு. எந்தத் தேதியில் எத்தனை மாடுகளை எந்தப் பரப்பில் விடலாம், எப்போது வெளியேற்ற வேண்டும் என்பது அதில் இருக்கும். பணியகத்தின் கள அலுவலகத்தில் கேட்டால் அந்த விவரம் கிடைக்கும். குதிரை ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறது. ஆகவே மாடுகள் வருவதற்கு முன் ஒருமுறையும், மாடுகள் போன பின் ஒருமுறையும் அதே இடத்தைப் பார்த்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு பேசத் தொடங்கும். மே மாதக் கடைசியில், இன்னும் ஒரு மாடுகூட இறங்காத பரப்பில், வளர்ந்துகொண்டிருக்கும் புல் நுனி கறிக்கப்பட்டிருந்தால் அது குதிரையோ காட்டு விலங்கோதான். வளரும் பருவத்தில் விழும் கடிதான் புல்லை மிகவும் நலியச் செய்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மாட்டின் வரவை அலுவலர் இரண்டு வாரம் தள்ளிவைக்க முடியும், குதிரையின் வரவை அப்படித் தள்ளிவைக்க வழியே இல்லை.

நீர்நிலையிலிருந்து வெளிநோக்கி நேர்கோட்டில் நடந்து, குறித்த தூரத்துக்கு ஒருமுறை நின்று புல்லின் உயரத்தையும் வெற்றுத்தரையின் அளவையும் எழுதுவது எளிய, ஆனால் மிகவும் பயன்தரும் பயிற்சி. மாடுகள் நீரை ஒட்டியும் சமதரையிலும் தங்கிவிடும். குதிரைகள் அதைவிட வெகுதூரம், செங்குத்தான சரிவுகளிலும் ஏறி மேய்ந்துவிட்டு நீருக்குத் திரும்பும். நீரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பாறைச் சரிவில் புல் குறைந்திருந்தால் அதற்கு மாட்டைக் குறைசொல்வது பொருந்தாது. அதேபோல ஓடைக்கரையில் வில்லோ செடிகள் இற்றுக் கரை சரிந்து கிடந்தால், மாட்டை விசாரிக்காமல் குதிரைமேல் பழிபோடுவதும் பொருந்தாது.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மேலே எழுதியவர் நிலத்தைச் சொல்லிவிட்டார். நான் குதிரையைச் சொல்கிறேன்.

குதிரைகளின் உடல்நிலையை மதிப்பிட ஹென்னெக் அளவுகோல் என்ற ஒன்று 1983 முதல் வழக்கில் உள்ளது. 1 என்பது எலும்பும் தோலும், 9 என்பது அளவு மீறிய கொழுப்பு. விலா எலும்பு, முதுகுத்தண்டு, வாலடி, கழுத்து, தோள்பட்டையின் பின்புறம் ஆகிய இடங்களைத் தொலைநோக்கியால் பார்த்தே ஓரளவு மதிப்பிடலாம். ஆனால் எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். குதிரை கொழுத்திருப்பதால் நிலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குதிரை அசைபோடும் விலங்கு அன்று. அதன் செரிமானம் பெருங்குடலை ஒட்டிய பகுதியில் நடக்கிறது. தீனி விரைவாகக் கடந்து போவதால், தரம் குறைந்த முற்றிய புல்லையும் அதிக அளவில் தின்று ஈடுகட்டிக்கொள்ள அதனால் முடியும். அசைபோடும் மாடு மெலியத் தொடங்கிய பிறகும் குதிரை தாக்குப்பிடிக்கும். குதிரைகளின் விலா எலும்பு தெரியும் நாள் வருகிறது என்றால், அதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி தன் சேமிப்பைக் கரைத்துவிட்டது என்று பொருள். யாரைப் பார்ப்பது என்றால், வசந்தத்தின் தொடக்கத்தில் பால் கொடுக்கும் பெண்குதிரையைப் பாருங்கள். குறைவு முதலில் தெரிவது அதன் உடம்பில்தான். அதே கூட்டத்துப் பொலிக்குதிரையும் ஈன்றிராத இளம்பெண் குதிரைகளும் அப்போதும் செழிப்பாகவே தெரியலாம்.

கூட்டத்தின் அமைப்பையும் எழுதி வையுங்கள். ஒரு பொலிக்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள், ஓராண்டு இரண்டாண்டு வயதுக் குதிரைகள் என்பது குடும்பக் கூட்டம். இணை கிடைக்காத ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும். இவற்றை எண்ணும்போது அவ்வாண்டுக் குட்டிகளைத் தனியாகவே எழுத வேண்டும், ஏனெனில் பிரையர் மலைக்கான 90 முதல் 120 வரை என்ற இலக்கே அவ்வாண்டுக் குட்டிகளைச் சேர்க்காமல் வகுக்கப்பட்டது. காட்டுக்குதிரைத் தொகை ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு வரை பெருகுகிறது என்று அமெரிக்கத் தேசிய அகாதெமிகளின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அந்த வேகத்தில் நான்கைந்து ஆண்டுகளில் தொகை இரட்டிப்பாகும். பிடித்துக்கொண்டுபோய் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் சிக்கல் தீராது என்றும், மிஞ்சியவற்றுக்குத் தீனி தாராளமாகக் கிடைப்பதால் பெருக்கம் உயர்ந்தே நிற்கிறது என்றும் அதே அறிக்கை எடுத்துக்காட்டியது.

அதனால்தான் கருத்தடை மருந்தைப் பற்றிய பேச்சு வருகிறது. பி.இசட்.பி. என்ற தடுப்பூசியைச் சிறு அம்பு வழியாகத் துப்பாக்கியால் செலுத்துகிறார்கள். முதல் ஊசி, பிறகு ஒரு வலுவூட்டல், அதன்பின் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஓர் ஊசி. மேரிலாந்தின் அசடீக் தீவில் தேசியப் பூங்கா சேவை 1994 முதல் இம்முறையைப் பின்பற்றி, குதிரைகளைப் பிடித்து அகற்றாமலேயே தொகையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. இதைக் கேட்டவுடன், எல்லா இடத்திலும் இப்படியே செய்துவிடலாமே என்று தோன்றும். நீங்கள் பார்க்கப்போகும் இரண்டு இடங்களும் அதற்கு ஏன் ஒரே விடை கிடையாது என்பதைக் காட்டும். பிரையர் மலையில் குதிரைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒவ்வொன்றையும் நிறத்தாலும் குறியாலும் தாய் வழியாலும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், சில பத்து மீட்டர் தூரத்துக்குள் நெருங்கவும் முடியும். தென்மேற்கு வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தெற்கேயோ பல்லாயிரம் ஏக்கர் திறந்தவெளியில் மனிதரைக் கண்டதும் ஒரு கிலோமீட்டர் அப்பால் ஓடும் குதிரைகள். எந்தப் பெண்குதிரைக்குச் சென்ற ஆண்டு ஊசி போட்டோம் என்பதையே பிடித்து அடையாளமிட்டால்தான் அறிய முடியும். உங்கள் அறிக்கையில் இந்த ஒப்பீட்டுக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மருந்தின் ஆற்றலைவிட, நிலத்தின் அகலமும் குதிரையின் அச்சமும்தான் அங்கே மேலாண்மையைத் தீர்மானிக்கின்றன.

பதில்: பொதுநிலம்

சேஜ் நிலவாசி ஐயா எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் புல்லைப் பார்த்தாலே நீதி தெரிந்துவிடும் என்ற எண்ணம் கேட்டவருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். புல் எவ்வளவு தீர்ந்தது என்பதை அளக்கலாம். மிஞ்சும் புல்லில் மாட்டுக்கு எவ்வளவு, குதிரைக்கு எவ்வளவு, எல்க்குக்கும் சேஜ் கோழிக்கும் எவ்வளவு என்று பங்கிடுவது சட்டமும் மனிதரின் விருப்பமும் சேர்ந்து எடுத்த முடிவு. கன்றுடன் கூடிய ஒரு பசு, அல்லது ஒரு குதிரை, அல்லது ஐந்து ஆடுகள் ஒரு மாதம் தின்னும் தீனியை ஓர் அலகு என்று வைத்து அலுவலகங்கள் கணக்கிடுகின்றன. குதிரைகளுக்கெனப் பணியகம் வரையறுத்த ஒரு மந்தை மேலாண்மைப் பகுதியின் திட்ட ஆவணத்தை எடுத்து, மாட்டுக்கு ஒதுக்கிய அலகுகள் எத்தனை, குதிரைக்கு ஒதுக்கியவை எத்தனை என்று இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். குதிரை நேயர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது விளங்கும். அதேநேரத்தில், பண்ணையாளர் தம் மாட்டைக் குறைக்கச் சொன்னால் குறைத்தாக வேண்டும், குதிரைகளோ உகந்த அளவைப் போல இரண்டு மூன்று மடங்காக நின்றபோதும் எடுக்கப்படவில்லை என்ற பண்ணையாளர்களுடைய வருத்தத்துக்கும் அடிப்படை உண்டு. 2020-இல் திறந்த நிலத்தில் இருந்தவை 95,000-க்கும் மேல்.

சட்டத்தின் வரலாற்றையும் களத்தோடு இணைத்துப் படியுங்கள். 1950-இல் நெவாடாவின் நெடுஞ்சாலையொன்றில் இரத்தம் சொட்டச் சொட்டக் குதிரைகளை ஏற்றிச் சென்ற வண்டியைக் கண்ட வெல்மா ஜான்ஸ்டன் தொடங்கிய போராட்டம், மோட்டார் வாகனங்களாலும் விமானங்களாலும் காட்டுக்குதிரைகளை வேட்டையாடுவதைத் தடைசெய்யும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்கள் காங்கிரஸில் குவிந்த பிறகு 1971-இல் முழுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் 1976-இல் நிறைவேறிய பொதுநிலச் சட்டம் ஒன்று, குதிரைகளைத் திரட்ட ஹெலிகாப்டரைப் பயன்படுத்த அரசுக்கு அனுமதி தந்தது. நீங்கள் ஜூலைக்குப் பிறகும் அங்கே இருந்தால், ஒரு திரட்டலைப் பார்வையாளர் இடத்திலிருந்து பார்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். குட்டி ஈனும் காலமான மார்ச் முதல் ஜூன் இறுதி வரை, அவசரநிலை இருந்தாலன்றி ஹெலிகாப்டர் பயன்படுத்துவதில்லை. சணல் துணியால் இருபுறமும் நீண்ட இறக்கைகள் போல வேலி கட்டி, அது குறுகிச் சேரும் இடத்தில் பட்டியை அமைக்கிறார்கள். ஹெலிகாப்டர் கூட்டத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு வர, இறக்கைகளின் வாயருகே பழக்கிய குதிரையொன்றை ஒருவர் அவிழ்த்துவிடுகிறார். அது தெரிந்த வழியில் பட்டியை நோக்கி ஓட, பின்னால் வருபவை அதைத் தொடர்கின்றன. பார்ப்பதற்கு மனம் கனக்கும். ஆனாலும் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன், ஏனென்றால் திரட்டலுக்குப் பிறகு அக்குதிரைகள் போகும் இடம்தான் இத்திட்டத்தின் பெரும்சுமை. தத்துக் கொடுக்க முடியாமல் பட்டிகளிலும் வாடகைப் புல்வெளிகளிலும் அரசு பராமரிக்கும் விலங்குகள் 60,000-க்கும் மேல். திட்டச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போகிறது. நிலத்தைச் சீராக்கவும் கருத்தடைக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். ராக் ஸ்பிரிங்ஸிலேயே பணியகத்தின் பட்டி ஒன்று இருக்கிறது. அதையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே படிப்பதும் அவசியம். 1860-களில் இருப்புப்பாதை நிறுவனத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் என்று நிலம் வழங்கப்பட்டதால், பாதையின் இருபுறமும் 20 மைல் வரை அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகையாகக் கலந்து கிடக்கின்றன. இடையில் வேலி கிடையாது. ஒரே குதிரை காலையில் அரசு நிலத்திலும் மதியம் தனியார் நிலத்திலும் மேய்கிறது. தனியார் நிலத்தில் ஏறிய குதிரையை அகற்றுமாறு உரிமையாளர் கேட்டால் அரசு அகற்ற வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதைச் செய்ய முனைந்தால் அரசு நிலத்துக் குதிரைகளையும் சேர்த்தே எடுக்க நேரிடுகிறது. ஆண்டுக்கணக்காக நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளின் வேர் இதுதான்.

குதிரை இம்மண்ணுக்கு உரியதா, வந்தேறியா என்ற விவாதமும் உங்கள் காதில் நிச்சயம் விழும். குதிரையினம் பரிணமித்தது வட அமெரிக்காவில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அற்றுப்போனது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தவற்றின் வழியே திரும்பியது. ஆழமான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் தீர்ந்தாலும், கோடையில் ஒரு ஊற்று எத்தனை விலங்குகளுக்குத் தண்ணீர் தரும் என்ற கணக்கு மாறப்போவதில்லை.

பதில்: வெளிமான்

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. கோடியக்கரையில் தாவர ஆய்வுக்காகச் சில பருவங்கள் தங்கியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இதே கேள்வி நம் கடற்கரையிலும் இருக்கிறது.

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையின் புல்வெளியில் வெளிமான்களுடன் மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. யாரோ ஒரு காலத்தில் வளர்த்து விட்டவற்றின் வழிவந்து, உரிமையாளர் இல்லாமல் திரிபவை அவை. ஊர்மாடுகளும் வருகின்றன. இவற்றோடு சீமைக் கருவேலம் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் இனிப்பான நெற்றுகளைத் தின்று விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய் இலத்தியோடு விதைப்பதில் குதிரைக்கும் மாட்டுக்கும் பங்கு உண்டு. எனவே புல்லைத் தின்பதால் மானுக்கு நேரும் போட்டி ஒன்று, புல்லுக்கு எதிரியாகும் மரத்தைப் பரப்புவதால் நேரும் இழப்பு மற்றொன்று. களத்தில் புல்லின் உயரத்தை மட்டும் அளந்தவர்க்கு முதலாவதுதான் தெரியும். இலத்தியைக் கிளறி அதில் முளைத்தவற்றை எண்ணியவர்க்கு இரண்டாவதும் தெரியும். வயோமிங்கில் குதிரை இலத்தியில் எந்தெந்த விதைகள் முளைக்கின்றன என்று சகோதரி பார்த்துவந்தால், கோடியக்கரையை அறிந்த எங்களுக்கு அது மிகவும் பயன்படும்.

இன்னொன்று. கோடியக்கரை வெளிமானுக்காக ஏற்பட்ட இடம். ஆகவே குதிரை அங்கே எவ்வளவு இருக்கலாம் என்பதை மானை வைத்தே தீர்மானிக்கிறோம். பிரையர் மலையோ குதிரைக்காகவே 1968-இல் ஒதுக்கப்பட்டது. ஒரே அளவு புல் இழப்பை ஓரிடத்தில் சேதம் என்றும் மற்றோரிடத்தில் ஏற்கத்தக்கது என்றும் சொல்லவேண்டி வருவது இதனால்தான். இலங்கையின் நெடுந்தீவில் வறட்சிக் காலத்தில் குளங்கள் வற்றி மட்டக்குதிரைகள் மடிவதைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்தத் தீவில் எவ்வளவு புல் இருக்கிறது என்று கேட்பவர் எவரையும் காணோமே என்று வருந்தியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி வைப்பது அவசர உதவி. எண்ணிக்கையையும் புல்லையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலை அதற்கப்பால் இருக்கிறது.

கேட்டவர்: கொத்துப்புல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளிமான் ஐயா சொன்ன இலத்தி முளைப்புச் சோதனையை என் பேராசிரியரிடம் காட்டினேன். பசுங்குடிலில் இடம் தருவதாகச் சொன்னார். பயணத்தை ராக் ஸ்பிரிங்ஸுக்கு அருகிலுள்ள வைட் மவுன்டன் பகுதிக்கும் பிரையர் மலைக்கும் மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன். எதை முதலில் வைப்பது, சாலைகள் எப்படி, மாதிரி எடுக்க அனுமதி வேண்டுமா என்பவற்றை மட்டும் சொல்லிவிட்டால் திட்டத்தை எழுதி முடித்துவிடுவேன்.

பதில்: சேஜ் நிலவாசி

வைட் மவுன்டனை முதலில் வையுங்கள், மே மாதக் கடைசியில். ராக் ஸ்பிரிங்ஸுக்கும் கிரீன் ரிவருக்கும் இடையே மலையின்மேல் செல்லும் சுற்றுச்சாலையில் சாதாரணக் காரிலேயே போகலாம், தரை காய்ந்திருந்தால். மழை பெய்தால் அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது; மேகம் கறுத்தால் உடனே தார்ச்சாலைக்கு இறங்கிவிடுங்கள். நீதிமன்ற நிலவரத்தைப் பொறுத்து அப்பகுதியின் குதிரைத் திட்டம் மாறக்கூடும் என்பதால், புறப்படும் வாரத்தில் கள அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

பிரையர் மலைக்கு ஜூலை. அதற்கு முன் மேல்தளச் சாலைகளில் பனி கிடக்கும். வயோமிங்கின் லவல் ஊரில் தங்குங்கள். குதிரைகளைப் பற்றிய தகவல் மையமும் அங்கே இருக்கிறது. மேலே போகும் பாதைகள் பாறையும் பள்ளமுமானவை, தரையிலிருந்து உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் முயலவே கூடாது. கூடுதல் டயர், நிறையத் தண்ணீர், கைப்பேசி எடுக்காத இடத்தில் எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவைப்பது ஆகியவை கட்டாயம். இந்த மலையில் ஏறும்போது வண்டியை அவசரப்படுத்தாதீர்கள். அடிவாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 150 மி.மீ. மழை வாங்கும் பாலைநிலத்தில் தொடங்கி, ஜூனிபர் மரங்களைக் கடந்து, 500 மி.மீ.க்கு மேல் ஈரம் பெறும் உச்சிப் புல்வெளி வரை, ஒரே நாளில் பல தாவர மண்டலங்களைக் கடக்கிறீர்கள். கோடையில் பெரும்பாலான கூட்டங்கள் உச்சியில் இருக்கும். மேலே லூபின் பூத்துக் கிடக்கும் பசுமையை மட்டும் பார்த்தவர்கள் நிலம் செழிப்பாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். குதிரைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் அவை நம்பியிருக்கும் நடுச்சரிவுகளும் அடிவாரமும்தான். அங்கே நின்று முன்பு சொன்ன மேடைப்புல்லைத் தேடுங்கள்.

குதிரைகளிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அவை உங்களை நோக்கி வந்தாலும் நீங்கள் விலகுங்கள். டிரோன் வேண்டாம், குதிரைகளைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றம். நடந்து பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் அனுமதி தேவையில்லை. புல்லை வெட்டி எடைபோடுவது, மேய்ச்சல் தடுப்புக் கூண்டு வைப்பது, தாவர மாதிரியும் இலத்தியும் எடுத்துச் செல்வது ஆகியவற்றுக்குக் கள அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுவிடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு மேய்ச்சல் நில வல்லுநர் இருப்பார். அவர்கள் பல ஆண்டுகளாக அளந்துவரும் இடங்களில் ஒன்றிரண்டைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களாகப் புதிய இடம் தேர்ந்து ஒருமுறை அளப்பதைவிட, பழைய வரிசையில் ஓர் ஆண்டைச் சேர்ப்பது பிறருக்கு மிகவும் பயன்படும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் தரையை நோக்கி நேர்கீழாகவும், ஒரு படம் நிலத்தின் மேலாகவும் எடுங்கள். தேதி, ஆயத்தொலைவுகள், கேமரா நோக்கிய திசை மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். இரண்டாவது படத்தில் அடிவானத்தின் மலைமுகடு ஒன்று தெளிவாக விழட்டும். சில மீட்டர் பிசகும் கருவியைவிட, அடுத்த ஆண்டு அதே இடத்தில் வந்து நிற்பவருக்கு அந்த முகடுதான் உதவும்.